பெயர், லோகோ, நிறம், வடிவம்: எதையெல்லாம் ட்ரேட்மார்க் ஆக்கலாம்?

"கைவேலையாகத் தோல் பைகள் செய்து இணையத்தில் விற்கப் போகிறேன். பெயர், லோகோ, ஒரு வரி வாசகம், நீல நிறப் பெட்டி எல்லாம் தயார். பையின் மூடியில் தனியாக ஒரு வளைவும் வைத்திருக்கிறேன். ட்ரேட்மார்க்கில் எத்தனை வகை, அதில் எனக்கு எது பொருந்தும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வகைகளின் பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கும். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். நீங்கள் உருவாக்கிய இந்த ஐந்தில் எதை நாளைக்கு இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தினால் உங்களால் தடுக்க முடியும்? எதைத் தடுக்க முடியாது? கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை முதலில் எதற்குச் செலவு செய்வது? ட்ரேட்மார்க் விண்ணப்பங்களையும் அவற்றுக்கு வரும் ஆட்சேபணைகளையும் பல வருடங்களாகப் பார்த்துவருகிறவன் என்ற முறையில் இந்தக் கேள்விகளுக்கே பதில் சொல்கிறேன். உங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒரு விஷயம் சொல்லியிருந்தீர்கள்: பெயரே பை எதனால், எப்படிச் செய்யப்பட்டது என்று சொல்லிவிடும் என்று. எனக்குக் கவலை தருவது அதுதான்.

முதலில் அடிப்படை. ட்ரேட்மார்க் என்பது ஒருவருடைய சரக்கையோ சேவையையோ மற்றவர்களுடையதிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம். அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் 1994இல் தந்த விளக்கமும் ஏறக்குறைய இதுதான். அந்த ஒப்பந்தம் சொற்கள், பெயர்கள், எழுத்துகள், எண்கள், உருவங்கள், நிறச் சேர்க்கைகள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நாடுகள் கேட்டுக்கொள்ளலாம் என்றும் அனுமதிக்கிறது. அதனால்தான் ஒலி, வாசனை போன்றவற்றில் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. பிரித்துக் காட்ட வேண்டும் என்பதில் மட்டும் எந்த நாட்டிலும் மாற்றம் இல்லை.

வகை என்ற சொல்லை மூன்று வெவ்வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. அடையாளம் என்ன உருவத்தில் இருக்கிறது என்பது ஒன்று: சொல், படம், நிறம், வடிவம், ஒலி. அது யாருக்குச் சொந்தம், எதற்குப் பயன்படுகிறது என்பது இன்னொன்று: சரக்குக்கா, சேவைக்கா, ஒரு சங்கத்துக்கா, தரச் சான்றுக்கா. மூன்றாவது, அது எவ்வளவு வலுவானது என்பது. விண்ணப்பப் படிவத்தில் முதல் இரண்டுக்கும் கட்டம் இருக்கும், மூன்றாவதற்கு இருக்காது. ஆனால் பதிவு அலுவலகத்தின் பரிசோதகர் உங்கள் விண்ணப்பத்தை ஏற்பதா நிராகரிப்பதா என்பதும், பின்னாளில் நீங்கள் ஒரு நகல்காரரை நிறுத்த முடியுமா என்பதும் பெரும்பாலும் இந்த மூன்றாவதைப் பொறுத்தே இருக்கிறது. அதனால் நான் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1976இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றில் ஹென்றி ஃப்ரெண்ட்லி என்ற நீதிபதி, 'சஃபாரி' என்ற சொல்லை ஒரு துணிக் கடை தனக்கே சொந்தமாக வைத்துக்கொள்ளலாமா என்ற வழக்கை விசாரித்தார். அந்தத் தீர்ப்பில் அவர் சொற்களை வலுவை வைத்து வரிசைப்படுத்தினார். இன்றும் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் ஒரு பெயரைக் கேட்டவுடன் மனதுக்குள் அந்த வரிசையில்தான் வைத்துப் பார்க்கிறோம். அடிமட்டத்தில் பொருளின் பொதுப்பெயர். பைக்கு 'பை' என்று பெயர் வைத்தால் அதை யாருக்கும் தர மாட்டார்கள், எத்தனை வருடம் பயன்படுத்தினாலும். அதற்கு மேலே வருணனைப் பெயர்கள்: 'உறுதித் தோல்', 'கைவினைப் பை' போல பொருளின் தன்மையையே சொல்பவை. அடுத்தது குறிப்பால் உணர்த்தும் பெயர்கள். பைக்கு 'நெடும்பயணம்' என்று வைத்தால், கேட்பவர் ஒரு நொடி யோசித்துத்தான் பையோடு சேர்த்துப் பார்ப்பார். அதற்கும் மேலே, பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத சாதாரணச் சொல்: கணினிக்கு 'ஆப்பிள்' போல. உச்சியில், அகராதியிலேயே இல்லாத, புதிதாகப் புனைந்த சொல். 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தன் கேமராவுக்கு உருவாக்கிய 'கோடக்' அதற்குச் சரியான உதாரணம். எந்த மொழியிலும் அர்த்தம் இல்லாத, சுருக்கமான, தப்பாக உச்சரிக்க வாய்ப்பில்லாத ஒரு சொல்லை அவர் தேடி அமைத்தார்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது இரண்டாவது படியில், வருணனைப் பெயர்களோடு நிற்கிறது. புதிதாகத் தொழில் தொடங்குகிற எல்லோருக்கும் அந்தப் படி பிடிக்கும். வாங்குபவருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை, தேடுபொறியில் எளிதாக மாட்டும் என்று நினைப்பார்கள். ஆனால் நாட்டில் தோல் பை செய்கிற எல்லோருக்கும் அந்தச் சொற்கள் தேவை. அவற்றை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுத்தால் மற்றவர்கள் தங்கள் பொருளை எப்படி விவரிப்பார்கள்? பதிவு அலுவலகம் மறுப்பதற்குக் காரணம் இதுதான், அது நியாயமான காரணமும்கூட.

வருணனைப் பெயருக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. நீண்ட காலப் பயன்பாட்டால் மக்கள் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரே ஒரு நிறுவனத்தை நினைக்கும் நிலை வந்துவிட்டால், அதை நிரூபித்துப் பதிவு வாங்கலாம். ஆனால் அதற்குப் பிடிக்கும் காலமும் செலவும் சாதாரணம் இல்லை. 'புக்கிங்.காம்' என்ற பெயர் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 2020இல்தான் வென்றது. பொதுச்சொல்லோடு '.காம்' சேர்ந்ததை மக்கள் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பெயராகவே பார்க்கிறார்கள் என்பதற்கான ஆதாரம் அங்கே கைகொடுத்தது. வென்ற பிறகும், இப்படிப்பட்ட பெயருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு குறுகலாகவே இருக்கும் என்பதைத் தீர்ப்பு மறைக்கவில்லை. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே நிலைமை இது. நீங்கள் இன்னும் ஒரு பையைக்கூட விற்கவில்லை. பெட்டி அச்சாவதற்கு முன்னால் பெயரை மாற்றுவது கஷ்டமாக இருக்கலாம், ஆனால் அதற்குப் பெரிதாகச் செலவாகாது. மூன்று வருடம் கழித்து மாற்ற நேர்ந்தால் சம்பாதித்த பெயரையே இழக்க வேண்டிவரும். எந்த வகை ட்ரேட்மார்க்கை எடுத்தாலும் இந்தக் குறையைச் சரிசெய்ய முடியாது. இதை நான் உறுதியாகவே சொல்கிறேன்.

இப்போது உருவ வகைகளுக்கு வருவோம். சொல்லை எந்த அலங்காரமும் இல்லாமல் சாதாரண எழுத்தில் பதிவு செய்வது வேர்டு மார்க். படத்தையோ, படமும் எழுத்தும் கலந்ததையோ பதிவு செய்வது டிவைஸ் மார்க், அதாவது லோகோ. இரண்டில் எது முதலில் என்று கேட்டால், பெயர் வலுவாக இருக்கும் பட்சத்தில் வேர்டு மார்க்தான். காரணம் எளிது. அந்தச் சொல்லை நீங்கள் எந்த எழுத்துருவில், எந்த நிறத்தில், எந்த லோகோவோடு பயன்படுத்தினாலும் பாதுகாப்பு கூடவே வரும். ஐந்து வருடம் கழித்து லோகோவை மாற்றினாலும் பதிவு அப்படியே நிற்கும். நகல் செய்கிறவர் வேறு எழுத்துருவில் அதே பெயரைப் போட்டாலும் சிக்குவார்.

லோகோவை மட்டும் பதிவு செய்தால் நிலைமை வேறு. பரிசோதகரும் நீதிமன்றமும் அந்த ஓவியத்தை முழுதாகப் பார்ப்பார்கள். வலுவில்லாத பெயர் வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடிக்கிறார்கள். சொல்லாகக் கேட்டால் மறுக்கப்படும் என்று தெரிந்து, அதையே ஒரு அழகான வட்டத்துக்குள் போட்டு லோகோவாகப் பதிவு செய்துவிடுகிறார்கள். சான்றிதழ் வந்துவிடும், சுவரில் மாட்டிவைக்கலாம். ஆனால் போட்டியாளர் அதே சொற்களை வேறு ஓவியத்தோடு போட்டால் எதுவும் செய்ய முடியாது, ஏனென்றால் பதிவானது அந்த வட்டமும் கோடுகளும்தான். உங்களுக்கு யாராவது இந்த யோசனையைச் சொன்னால், சான்றிதழ் எதைக் காக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.

லோகோ வீண் என்று சொல்லவில்லை. படிக்கத் தெரியாதவரும், வேறு மொழிக்காரரும், பத்தடி தூரத்தில் நிற்பவரும் லோகோவை அடையாளம் காண்பார்கள். பிரிட்டனில் ட்ரேட்மார்க் பதிவேடு திறந்தது 1876 ஜனவரி 1ஆம் தேதி. அன்று முதல் எண்ணைப் பெற்றது பாஸ் என்ற மதுபான ஆலையின் வெறும் சிவப்பு முக்கோணம். பெயரைப் பதிவு செய்த பிறகு, பணம் இருந்தால், எழுத்து இல்லாமல் லோகோவை மட்டும் தனியாக ஒரு விண்ணப்பமாகப் போடுங்கள். இரண்டையும் ஒட்டி ஒரே விண்ணப்பமாகப் போட்டால் செலவு குறையும்தான், ஆனால் பின்னால் ஒன்றை மாற்றும்போது மற்றதும் சேர்ந்து பழசாகிவிடும். இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. லோகோவை வெளியாள் ஒருவர் வரைந்து கொடுத்திருந்தால், பல நாடுகளில் அதன் பதிப்புரிமை (காப்பிரைட்) வரைந்தவரிடமே இருக்கும், நீங்கள் பணம் கொடுத்திருந்தாலும். எழுத்துமூலம் உரிமையை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கக் காகிதம் போதும்.

ஒரு வரி வாசகத்தைப் பொறுத்தவரை, பதிவு செய்ய முடியும், ஆனால் தடை அதிகம். 'தரத்தில் சமரசம் இல்லை' போன்ற வாசகத்தை எல்லா வியாபாரியும் சொல்வார்கள், அது யாரையும் அடையாளம் காட்டாது. ஆனால் விளம்பர வாசகம் என்பதாலேயே ஒன்றை ஒதுக்கிவிட முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் ஆடி கார் நிறுவனத்தின் ஜெர்மன் வாசக வழக்கில் சொன்னது. கொஞ்சம் யோசிக்கவைப்பதாகவும் நினைவில் நிற்பதாகவும் இருந்தால் வாசகமும் ஒரு அடையாளம் ஆகலாம். உங்களுடையதை இரண்டு வருடம் ஓடவிட்டுப் பாருங்கள். வாசகங்களை வியாபாரிகள் சீக்கிரம் மாற்றிவிடுவார்கள், அவசரப்பட்டுப் பதிவு செய்தது பெரும்பாலும் வீண் செலவாகத்தான் முடிகிறது.

நீல நிறப் பெட்டி பற்றி நீங்கள் ஆசையாக எழுதியிருந்தீர்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு தனி நிறத்தை ட்ரேட்மார்க் ஆக்க முடியுமா? முடியும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995இல் குவாலிடெக்ஸ் வழக்கில், சலவைக் கடைகளில் இஸ்திரி இயந்திரத்துக்குப் போடும் மெத்தைகளின் பச்சை கலந்த பொன்னிறத்தை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே 1985இல் ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் தன் கண்ணாடி இழைக் காப்புப்பொருளின் இளஞ்சிவப்பு நிறத்தை வென்றிருந்தது. டிஃபனி நகை நிறுவனம் தன் பெட்டியின் வெளிர்நீலத்தை 1998இல் பதிவு செய்தது. நீங்கள் மனதில் வைத்திருப்பதும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நீலத்தை அவர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே பயன்படுத்திவந்தவர்கள். நிறம் பிறக்கும்போதே அடையாளமாகப் பிறப்பதில்லை. முதலில் அது அலங்காரம், பல காலம் விடாமல் ஒரே மாதிரி பயன்படுத்திய பிறகுதான் மக்கள் மனதில் ஒரு நிறுவனத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

அதன் பிறகும் சிக்கல் தீராது. நிறங்கள் எண்ணிக்கையில் குறைவு, அவற்றை ஒருசிலர் பங்குபோட்டுக்கொண்டால் மற்றவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது என்ற பொதுநலக் கவலையை ஐரோப்பிய நீதிமன்றம் 2003இல் லிபர்டெல் என்ற நிறுவனத்தின் ஆரஞ்சு நிற வழக்கில் வெளிப்படையாகச் சொன்னது. நிறத்தைக் காகிதத்தில் ஒட்டிக் கொடுத்தால் மங்கிவிடும் என்பதால், பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட நிறக் குறியீட்டு எண்ணைக் கொடுப்பது ஏற்ற வழி என்றும் சொன்னது. எண் கொடுத்தாலும் வார்த்தை சறுக்கினால் போச்சு. பிரிட்டனில் கேட்பரி தன் ஊதா நிறத்தை, உறையில் 'முதன்மையான நிறமாக' வரும் என்று விவரித்திருந்தது. முதன்மை என்றால் எவ்வளவு, மீதியில் என்ன இருக்கும் என்பது தெளிவில்லை என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுத்தது. வென்றவர்களுக்கும் முழுமையாகக் கிடைப்பதில்லை. லூபூட்டான் காலணியின் சிவப்பு அடிப்பாகம் 2012இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தப்பியது, ஆனால் காலணியின் மேல்பகுதி வேறு நிறத்தில் இருக்கும்போது மட்டும். முழுச் சிவப்புக் காலணியை மற்றவர்கள் செய்யலாம். ஆகவே நீலப் பெட்டியை இப்போது பதிவு செய்ய முயல வேண்டாம். ஆனால் விடாமல் ஒரே நீலத்தைப் பயன்படுத்துங்கள். பெட்டி, உறை, விளம்பரம் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து, விற்பனைச் சீட்டுகளோடு வையுங்கள். பத்து வருடம் கழித்து உங்களுக்கு அது தேவைப்பட்டால், அன்று ஆதாரத்தைப் புதிதாக உருவாக்க முடியாது.

மூடியின் வளைவு வடிவக் குறி என்ற வகையில் வரும். இந்தத் துறையில் ஆகக் கடினமான பகுதி இது என்பது என் கருத்து. ஒரு வடிவம் வேலை செய்வதற்காக அப்படி இருக்கிறதா, யார் செய்தது என்று காட்டுவதற்காக இருக்கிறதா என்று முதலில் கேட்பார்கள். வேலைக்காக என்றால் ட்ரேட்மார்க் கிடையாது. லெகோ கட்டை உலகத்துக்கே தெரிந்த வடிவம். ஆனாலும் அதன் மேலுள்ள குமிழ்கள் ஒன்றோடொன்று பொருந்துவதற்காக இருக்கின்றன என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் பதிவை ரத்து செய்ததை உறுதிப்படுத்தியது. தொழில்நுட்பத்தைக் காப்பது பேட்டண்டின் வேலை, அதற்குக் காலக்கெடு உண்டு. ட்ரேட்மார்க்கைப் புதுப்பித்துக்கொண்டே காலவரையின்றி வைத்திருக்கலாம். இந்த இரண்டையும் கலந்தால் ஒரு கண்டுபிடிப்பு என்றென்றைக்கும் ஒருவர் கையில் மாட்டிக்கொள்ளும். உங்கள் வளைவு பூட்டு எளிதாக மாட்டுவதற்காகவோ, தண்ணீர் உள்ளே போகாமல் இருப்பதற்காகவோ இருந்தால் ட்ரேட்மார்க்கை மறந்துவிடுங்கள்.

வெறும் அழகுக்காக என்றாலும் உடனே கிடைத்துவிடாது. குழந்தைகளின் துணி பற்றிய வால்மார்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000இல், பொருளின் வடிவமைப்பு தானாகவே அடையாளமாக இருக்க முடியாது, மக்கள் அதை அப்படி அறிந்திருப்பதை நிரூபிக்க வேண்டும் என்று சொன்னது. பைத் தொழிலிலிருந்தே ஒரு உதாரணம்: லூயி விட்டானின் பழுப்புச் சதுரங்கக் கட்டம் போட்ட டாமியே வடிவத்தின் பதிவை ஐரோப்பியப் பொது நீதிமன்றம் 2015இல் செல்லாது என்றது. சதுரங்கக் கட்டம் யாரும் போடக்கூடிய அலங்காரம், ஐரோப்பா முழுக்க மக்கள் அதை அந்த நிறுவனத்தோடு சேர்த்து அறிகிறார்கள் என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்பது காரணம். மாறாக, ஒரு சின்ன அடையாளத்தை எப்போதும் ஒரே இடத்தில் வைப்பது நன்றாக எடுபட்டிருக்கிறது. லீவைஸ் கால்சட்டையின் பின்பைத் தையலில் 1936 முதல் வரும் சிவப்புத் துணுக்கு அப்படிப்பட்டது. இதை இடக் குறி என்பார்கள். உங்கள் பையில் எங்காவது ஒரு மூலையில், வேலைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத சிறு அடையாளம் ஒன்றை வைக்க முடியுமானால், வளைவைவிட அது உங்களுக்கு உதவும். வளைவைக் காக்க வேண்டுமென்றால் தொழில்துறை வடிவமைப்புப் பதிவு என்று தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் பல நாடுகளில் அதைப் பொருள் வெளியுலகுக்குத் தெரிவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பையின் படத்தை இணையத்தில் போடும் முன் இதை விசாரித்துவிடுங்கள். உங்கள் பட்டியலில் பெயருக்கு அடுத்து உண்மையிலேயே அவசரமானது இதுதான்.

வடிவத்தில் வெற்றிகளே இல்லை என்று நினைக்க வேண்டாம். கோக-கோலா பாட்டில் 1915இல் வடிவமைக்கப்பட்டு, 1960இல் அமெரிக்காவில் ட்ரேட்மார்க் ஆனது. நடுவில் நாற்பத்தைந்து வருடம் இருக்கிறது. கடையின் உள் அமைப்பைக்கூடப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆப்பிள் கடையின் அமைப்பு வரைபடம் தகுதி பெறலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் சொன்னது. பொருளின் மொத்தத் தோற்றத்தையும் உறையையும் சேர்த்து ட்ரேட் டிரெஸ் என்பார்கள். உங்கள் நீலப் பெட்டி கட்டும் நாடா, எழுத்து, மடிப்பு எல்லாவற்றோடும் சேர்ந்தால் ஒருநாள் அந்த வகைக்குள் வரலாம்.

ஒலி, அசைவு, வாசனை எல்லாம் உங்களுக்கு இப்போது தேவையில்லை, அதனால் சுருக்கமாக. ஒலி பல நாடுகளில் நிலைபெற்றுவிட்டது. என்பிசி வானொலியின் மணியோசையில் வரும் மூன்று சுரங்கள் 1950இலேயே அமெரிக்காவில் பதிவானவை. ஆனால் ஐரோப்பாவில் முன்பு ஒலியைச் சரியாகப் பதிவேட்டில் எழுதத் தெரிய வேண்டியிருந்தது. 'சேவல் கூவுவது' என்று சொல்லால் எழுதினால் போதாது, சுரக்குறிப்பு வேண்டும் என்று 2003இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஹார்லி-டேவிட்சன் தன் எஞ்சின் சத்தத்துக்கு 1994இல் விண்ணப்பித்து, எதிர்ப்புகளோடு போராடி 2000இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அசைவுக்கு, நோக்கியாவின் இரண்டு கைகள் நெருங்கிவரும் காட்சி உதாரணம். வாசனைதான் இன்னும் சந்தேகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 1990இல் மலர் வாசனை சேர்த்த தையல் நூலும், 2018இல் பிளே-டோ விளையாட்டுக் களிமண்ணின் வாசனையும் ஏற்கப்பட்டன. ஐரோப்பாவில் 2002இல் ஸீக்மன் வழக்கில் வேதியியல் வாய்ப்பாடு, மாதிரிப் புட்டி, சொல் விளக்கம் மூன்றுமே போதாது என்று மறுத்தார்கள். 2017 அக்டோபரில் வரைந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனை அங்கே நீங்கியது, ஆனால் வாசனையைத் தெளிவாகவும் நிலையாகவும் காட்டும் வழி அதனால் கிடைத்துவிடவில்லை. நல்ல தோலின் மணத்தைப் பதிவு செய்யலாமா என்று யாராவது கேட்டால், தோலுக்கு இயல்பாக உள்ள மணம் யாரையும் அடையாளம் காட்டாது என்பதே பதில்.

யாருக்குச் சொந்தம் என்ற இரண்டாவது பிரிவில் உங்களுக்குத் தேவையானது கொஞ்சம்தான். சரக்கு விற்றால் சரக்குக் குறி, சேவை தந்தால் சர்வீஸ் மார்க். ஒரே பெயர் இரண்டாகவும் இருக்கலாம். 1957இன் நீஸ் ஒப்பந்தப்படி சரக்கும் சேவையும் 45 கிளாஸ்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, முதல் 34 சரக்கு, மீதி 11 சேவை. தோல் பைகள் 18இல் வரும். மற்றவர்கள் செய்த பைகளையும் உங்கள் தளத்தில் விற்கப் போகிறீர்கள் என்றால் விற்பனைச் சேவைக்கான 35ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். துணிமணிக்குப் போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் 25. பயன்படுத்தாத கிளாஸ்களையெல்லாம் வாங்கிவைப்பது உதவாது, தொடர்ந்து சில வருடங்கள் பயன்படுத்தாத பதிவை ரத்து செய்யக் கேட்கும் வழி ஏறக்குறைய எல்லா நாட்டிலும் உண்டு. சங்கத்தின் உறுப்பினர்கள் எல்லோரும் பயன்படுத்துவது கலெக்டிவ் மார்க். ஒரு தரத்தை எட்டிய எவரும் பயன்படுத்தலாம், ஆனால் சொந்தக்காரர் அந்தச் சரக்கை விற்கக் கூடாது என்பது சர்டிஃபிகேஷன் மார்க். கம்பளிக்கு 1964இல் வந்த வூல்மார்க் எல்லோருக்கும் தெரிந்தது. இவை இரண்டும் தனி ஆளுக்கு இல்லை. ஆனால் உங்களைப் போன்ற கைவினைஞர்கள் சிலர் சேர்ந்து சங்கம் அமைத்தால், 'கையால் செய்தது' என்ற உண்மையைக் காக்க இவைதான் சரியான கருவி. நீங்கள் பெயருக்குள் திணிக்கப் பார்த்த செய்தியைச் சொல்ல உரிய இடம் அதுதான்.

வணிக நிறுவனமாகப் பதிவு செய்ததாலோ இணைய முகவரி வாங்கியதாலோ ட்ரேட்மார்க் உரிமை வந்துவிடாது. இது பலரை ஏமாற்றும் இடம். பதிவு செய்யாமலே பயன்பாட்டால் உரிமை உருவாகும் நாடுகள் உண்டு, முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை தரும் நாடுகளும் உண்டு. நீங்கள் விற்கப் போகிற நாடு எதில் சேர்த்தி என்று தெரியாமல், 'கொஞ்சநாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்' என்று யாருக்கும் நான் சொல்வதில்லை. பதிவுரிமை அந்தந்த நாட்டோடு நின்றுவிடும். ஆனால் பாரிஸ் உடன்படிக்கையின்படி முதல் நாட்டில் விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் மற்ற உறுப்பு நாடுகளில் போட்டால், முதல் தேதியே அங்கும் கணக்கில் வரும். மாட்ரிட் நெறிமுறை வழியாக ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கலாம், ஆனால் முதல் ஐந்து வருடம் அவையெல்லாம் உங்கள் மூல விண்ணப்பத்தையே நம்பி நிற்கும். அது விழுந்தால் எல்லாம் விழும். பலவீனமான பெயரோடு அந்த வழியில் போகாதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரம் நான்கைந்து புதிய பெயர்களை எழுதுவேன், அதில் ஒன்றாவது புனைந்த சொல்லாக இருக்கட்டும். ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுத்தை வைத்து மட்டுமல்லாமல், ஒலியையும் பொருளையும் வைத்துத் தேடுவேன், ஏனென்றால் பரிசோதகரும் அப்படித்தான் தேடுவார். தேறிய ஒன்றை 18ஆம் கிளாஸில் வேர்டு மார்க்காகப் போடுவேன். லோகோ, வாசகம் எல்லாம் அப்புறம். உங்கள் பதிவேட்டை நான் பார்க்கவில்லை, அதனால் ஒரு பெயர் காலியாக இருக்கிறதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது, அதை அந்த நாட்டில் தொழில் செய்கிற ஒருவர்தான் பார்க்க வேண்டும். ஆனால் பெயர்களையும் விற்கப் போகும் நாடுகளையும் இங்கேயே எழுதினால், எது வலுவான பெயர், எது வெறும் வருணனை என்று பார்த்துச் சொல்கிறேன். தேடி முடித்து விண்ணப்பம் போடும் நிலையில் இருக்கும் பெயரை மட்டும் பொதுவெளியில் எழுத வேண்டாம்.